பத்தியின் நோக்கறிதல்

நுழையும்முன்

ஒரு பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் மாணவர் உடனே விடை சொல்லிவிடுவர். அது எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டால் தயங்குவர். இரண்டும் ஒரே கேள்வி என்று எண்ணுவதே தயக்கத்துக்குக் காரணம். பழந்தமிழ் உரையாசிரியர்கள் இவ்விரு கேள்விகளையும் பிரித்தறிந்து, இரண்டாவதையே முதலில் கேட்டனர். அவர்கள் வழியில், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்ணும் மரமும் கல்வெட்டும் தரும் செய்திகளைக் கொண்டு இப்பயிற்சியை மேற்கொள்கிறது இப்பாடம்.

ஒரு மரம், மூன்று பத்திகள்

பின்வரும் மூன்று பத்திகளையும் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

(அ) பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாக மாறிய மரத்தண்டு ஒன்று கிடக்கிறது. அதன் நீளம் 18 மீட்டருக்கு மேல். அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் இதனை அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இன்று இது தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

(ஆ) சாத்தனூரில் கிடக்கும் மரம் வாழ்ந்த காலத்தில் கடல் அப்பகுதிவரை பரவியிருந்தது. வீழ்ந்த மரம் நீரால் அடித்துச் செல்லப்பட்டுக் கடலடி வண்டலில் புதைந்தது. காற்றுப் படாமையால் அது மட்கவில்லை. வண்டலின் ஊடே கசிந்த நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுக்குள் சிறிது சிறிதாகப் படிந்தது. மரப்பொருள் நீங்க நீங்க அவ்விடத்தைக் கற்பொருள் நிரப்பியது. எனவேதான் மரத்தின் வடிவம் மாறாமலே அது கல்லாகியது.

(இ) சாத்தனூர் மரம் ஒருமுறை உடைந்தால் மறுபடி வளராது. காண வருவோர் ஒவ்வொருவரும் நினைவுக்காக ஒரு சில்லைப் பெயர்த்துச் சென்றால், 12 கோடி ஆண்டுகள் நிலைத்தது ஒரு தலைமுறைக்குள் தேய்ந்துவிடும். வேலியும் காவலும் ஓரளவே உதவும். அருகிலுள்ள பள்ளிகளின் மாணவர்கள் அதனைத் தம் ஊர்ச் சொத்தாகக் கருதிப் பேண முன்வர வேண்டும்.

மூன்று பத்திகளின் பொருளும் ஒன்றே. ‘எதைப் பற்றியது?’ என்னும் கேள்விக்குச் ‘சாத்தனூர்க் கல்மரம்’ என்னும் ஒரே விடையை மூன்றுக்கும் எழுதலாம். ஆனால், அவை செய்யும் வேலை வேறு. முதற்பத்தி அறியாத ஒன்றை அறிவிக்கிறது. இரண்டாம் பத்தி ஒரு நிகழ்வு எவ்வாறு நேர்ந்தது என விளக்குகிறது. மூன்றாம் பத்தி படிப்பவரை ஒரு செயலுக்குத் தூண்டுகிறது. முதற்பத்தியைப் படித்து முடித்தவர்க்குச் சில தகவல்கள் கிடைக்கின்றன. இரண்டாவதைப் படித்தவர்க்கு ஒரு காரணம் புலனாகிறது. மூன்றாவதைப் படித்தவர்க்கு ஒரு கடமை வந்து சேர்கிறது.

இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு பயன்படும். பொருளைச் சொல்லப் பெயர்ச்சொல் போதும். நோக்கத்தைச் சொல்லத் தொழிற்பெயர் வேண்டும். ‘சாத்தனூர்க் கல்மரம்’ என்பது பொருள். ‘மரம் கல்லான முறையை விளக்குதல்’ என்பது நோக்கம். அறிவித்தல், விளக்குதல், ஒப்பிடுதல், மறுத்தல், தூண்டுதல், எச்சரித்தல், ஆறுதல் கூறுதல் என்றவாறு ஒரு தொழிற்பெயரில் முடியாத விடை நோக்கத்தைத் தொடவே இல்லை எனலாம். தேர்வில் இவ்வினாவுக்கு மதிப்பெண் இழப்போரில் பெரும்பாலோர் தவறான நோக்கத்தை எழுதுவதில்லை. நோக்கத்துக்குப் பதிலாகத் தலைப்பை எழுதிவிட்டு வருகின்றனர்.

உரையாசிரியர் கேட்ட கேள்வி

பத்தியின் நோக்கத்தை வினவும் வழக்கம் வெளிநாட்டுப் பாடநூல்களிலிருந்து வந்தது என்று கருதுவோர் உண்டு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைத் திறந்து பார்த்தவர் அவ்வாறு கருத மாட்டார். ஒரு நூற்பாவுக்கு உரை சொல்லத் தொடங்கும்போது அவர் சொற்பொருளிலிருந்து தொடங்குவதில்லை. இந்நூற்பா என்ன நுதலிற்று என்று முதலில் வினவி, இன்னதை உணர்த்துதல் நுதலிற்று என்று விடையும் கூறிய பின்னரே பொருளுக்குள் புகுகிறார். ‘நுதலுதல்’ என்பதற்குக் கருதுதல், குறித்தல் என்பன பொருள். இன்றைய வழக்கில் இதனை ‘நோக்கமாகக் கொள்ளுதல்’ எனலாம். விடை ‘உணர்த்துதல்’ என்னும் தொழிற்பெயரோடு அமைவதும் கவனிக்கத்தக்கது.

உரையாசிரியர்கள் இத்துடன் நிற்கவில்லை. ஒரு நூற்பா தன் முன்னுள்ள நூற்பாக்களோடு என்ன உறவு கொண்டு நிற்கிறது என்பதையும் பெயரிட்டுக் காட்டினர். முன் சொல்லப்படாத ஒன்றைப் புதிதாகத் தருவது எய்தாதது எய்துவித்தல். முன் விதியால் கிடைத்த ஒன்றை, இங்கு அது பொருந்தாது என நீக்குவது எய்தியது விலக்கல். கிடைத்தது கைநழுவிப் போகாமல் காப்பது எய்தியது இகந்துபடாமைக் காத்தல். இருபாலும் செல்லும் மனத்தை ஒருபால் நிறுத்துவது ஐயம் அறுத்தல். இவை இலக்கண விதிகளுக்காக ஏற்பட்ட பெயர்கள் என்பது உண்மையே. ஆயினும், உரைநடைப் பத்திகளுக்கும் இவை வியக்கத்தக்க வகையில் பொருந்தி வருகின்றன. ஏனெனில், எந்தப் பத்தியும் தனியே நிற்பதில்லை. முன் பத்தி எழுப்பிய எண்ணத்தையோ, படிப்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தையோ அது வளர்க்கிறது, திருத்துகிறது, அல்லது தடுக்கிறது.

குன்னத்து உருண்டைகள்

2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதி ஏரியொன்றில் உருண்டை வடிவிலான பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்னும் செய்தி சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது. மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். அச்செய்தியைப் பற்றிப் பின்வருமாறு ஒரு பத்தி அமைவதாகக் கொள்வோம்.

“அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தனர். ஆகவே, குன்னத்திலும் அத்தகைய முட்டைகள் கிடைத்திருக்கலாம் என மக்கள் எண்ணியது இயல்பே. உருண்டைகளின் வடிவமும் அவ்வெண்ணத்துக்கு இடந்தந்தது. ஆயினும், அவற்றை ஆராய்ந்த புவியியல் அறிஞர்கள், அவை முட்டைகள் அல்ல, தொல்கடலின் அடியில் அம்மோனைட் போன்ற உயிர்களின் எச்சங்களோடு உருவான படிவுகளே எனத் தெளிவுபடுத்தினர்.”

இப்பத்தியின் நோக்கம் யாது? செந்துறைக் கண்டுபிடிப்பை அறிவித்தல் என்று எழுதுவோர் முதல் தொடரோடு நின்றுவிட்டவர். மக்களின் எண்ணத்தை நியாயப்படுத்துதல் என்று எழுதுவோர் இரண்டு, மூன்றாம் தொடர்களோடு நின்றுவிட்டவர். பத்தியின் எடை முழுதும் ‘ஆயினும்’ என்னும் சொல்லுக்குப் பின்னரே வந்து இறங்குகிறது. முன்னுள்ள மூன்று தொடர்களும் எதிர்த்தரப்புக்கு உரிய மதிப்பைத் தந்து, மறுப்பை ஏற்கச் செய்யும் ஆயத்தப் பணியைச் செய்கின்றன. அளவால் மூன்று பங்கு, பணியால் துணை.

ஐயம் அறுத்தல் இதன் நோக்கம் எனச் சொல்லலாமா? சொன்னால் பெரும் பிழையாகாது. ஆயினும், மக்கள் ஐயுறவில்லை, நம்பினர். ஐயத்தை அறுப்பதற்கும் நம்பிக்கையை நீக்குவதற்கும் வேறுபாடு உண்டு. இப்பத்தி எய்தியதை விலக்குகிறது என்பதே செறிவான விடை.

இதனை அடுத்து மற்றொரு பத்தி வருவதாகக் கொள்வோம். “முட்டைகள் அல்ல என்பதனால் அவை வெறுங்கற்கள் ஆகிவிடா. இன்று ஓலைக்குடிசையும் பருத்திக்காடும் உள்ள இந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதற்கு அவையே சான்று. 19ஆம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்டு முதலிய புவியியலாளர்கள் இப்பகுதிக்கு வந்து ஆய்வு செய்ததும், அரியலூரின் பெயரால் ஒரு பாறைத்தொகுதி உலகப் புவியியல் நூல்களில் வழங்குவதும், வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்ததும் இத்தகைய படிவங்களின் சிறப்பாலேயே.” ஒன்றை மறுத்தவுடன் படிப்பவர் மறுகோடிக்குச் சென்று, இவற்றால் பயனில்லை எனக் கைவிட்டுவிடக் கூடும். அவ்வாறு நேராமல் தடுப்பதே இப்பத்தியின் பணி. எய்தியது இகந்துபடாமைக் காத்தல் என்பதற்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு. இதனைத் தனியே எடுத்துப் படித்தால் ‘அரியலூரின் புவியியல் சிறப்பை அறிவித்தல்’ என்றே தோன்றும். முன்பத்தியோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் உண்மையான நோக்கம் தெரிகிறது.

தெரிந்து தெளிவோம்

‘தமிழ்த் தாத்தா’ உ.வே. சாமிநாதையரின் இளமைக்கல்வி இவ்விரு மாவட்டங்களின் ஊர்களோடு தொடர்புடையது. அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் அவர் தமிழ் பயின்றார். தந்தையாருடன் குன்னத்திலும் வாழ்ந்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். பிற்காலத்தில் அவர் பதிப்பிக்க எடுத்துக்கொண்ட ஏடுகளில் பத்தி என்பதே இல்லை. மூலமும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றித் தொடர்ந்து சென்றன. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் இல்லை. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதை, ஒவ்வொரு பகுதியும் எதற்காக நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தே அவர் பிரித்தார். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு அவ்வுழைப்பின் விளைவு. இன்று அச்சுநூலில் எளிதாகக் கண்ணில் படும் ஒவ்வொரு பத்திப்பிரிவுக்குப் பின்னும் யாரோ ஒருவரின் நோக்கறிதல் இருக்கிறது.

கல்வெட்டு கற்பிக்கும் பாடம்

நீளமாகச் சொல்லப்பட்டதே முதன்மையானது என்னும் எண்ணம் படிப்பவரை எளிதில் ஏமாற்றும். இதற்குச் சோழர் கல்வெட்டுகளைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகரம். அங்குள்ள பெருங்கோயிலை யுனெஸ்கோ 2004ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. இராசேந்திரனின் காலத்துக் கல்வெட்டுகள் பலவும் அவன் வென்ற நாடுகளை அடுக்கிச் செல்லும் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகின்றன. கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி பொறிக்கும் இம்மரபு அவன் தந்தை முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்றது. கங்கையும் கடாரமும் வரி வரியாக வந்த பிறகு, ஆட்சியாண்டு வரும். நாடும் ஊரும் கோயிலும் வரும். இறுதியில், இன்னார் ஒரு நந்தாவிளக்கு எரிக்க இத்தனை ஆடுகள் கொடுத்தார் என்பது போன்ற ஒரு சிறு செய்தி வரும்.

அந்தச் சிறு செய்திக்காகவே கல் வெட்டப்பட்டது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள் வேண்டும். மந்தை குறையாமல் பேணப்பட வேண்டும் என்பதனால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. பொறுப்பேற்றவர் யார், அவர் அளக்க வேண்டியது எவ்வளவு என்பதைப் பின்வரும் தலைமுறையினர் மறுக்க முடியாதவாறு நிறுத்துவதே கல்வெட்டின் நோக்கம். மெய்க்கீர்த்தி, எந்த அரசன் காலத்தில் இந்த ஏற்பாடு நடந்தது என்பதை ஐயமின்றிக் காட்டுவதோடு, அவன் புகழையும் ஊர்தோறும் பரப்பியது.

வரலாற்றறிஞர்கள் மெய்க்கீர்த்தியையே விரும்பிப் படிக்கிறார்களே எனக் கேட்கலாம். அது படிப்பவரின் நோக்கம். எழுத்தின் நோக்கம் வேறு, அதனைப் படிப்பவர் நோக்கம் வேறு. போர்களின் வரிசையை அறிய விரும்புபவர் மெய்க்கீர்த்தியைத் தேடுகிறார். கோயிலில் விளக்கு எரியவேண்டும் என விரும்பியவர் பின்பகுதியைப் பொறிக்கச் செய்தார். ‘இப்பத்தியில் எனக்குப் பிடித்தது எது?’ என்பதற்கான விடையை, ‘இப்பத்தி எதற்காக?’ என்பதற்கு எழுதும் மாணவரும் இதே இடத்தில்தான் வழிதவறுகிறார்.

ஆங்கிலப் பாடத்தில் பத்தியின் முதல் தொடரையே கருத்துத்தொடராகக் கொள்ளும்படி பயிற்றுவிப்பதுண்டு. தமிழில் அவ்வழக்கை அப்படியே கைக்கொள்வது ஆபத்தானது. தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் வந்து பொருளை முடிப்பதுபோல, தமிழ்ப் பத்தியும் பல நேரங்களில் இறுதியை நோக்கியே நகர்கிறது. ‘எனவே’, ‘ஆகவே’, ‘ஆயினும்’, ‘உண்மைதான், ஆனால்’ போன்ற இணைப்புச் சொற்கள் திருப்பங்களைக் காட்டும். ஆனால், இணைப்புச்சொல்லே இல்லாத பத்திகளும் உண்டு. அங்கே ஒவ்வொரு தொடரையும் நீக்கிப் பார்ப்பது பயன்தரும். எந்தத் தொடரை நீக்கினால் மற்றவை எதற்காக நிற்கின்றன என்பதே தெரியாமல் போகிறதோ, அத்தொடரின் அருகில்தான் நோக்கம் இருக்கிறது. மேலே (இ) பத்தியில் இறுதித் தொடரை நீக்கிப் பார்த்தால் இது புலப்படும்.

நோக்கறிதலின் தேவை

இத்திறன் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியது என்று கருதிவிடலாகாது. அரியலூர் மாவட்டத்தின் தொல்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பை ஒரு படிநிலையாக வைத்துள்ளது. திட்டத்தின் சுருக்கம் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். அச்சுருக்கத்தைத் தம் வீட்டுப் பெரியோர்க்குப் படித்துக் காட்டும் பொறுப்பு, பல சிற்றூர்களில் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கே வந்து சேர்கிறது. பயிற்சிக்காக அமைக்கப்பட்ட பின்வரும் பத்தியை அத்தகைய சுருக்கம் ஒன்றின் பகுதியாகக் கொள்ளலாம்.

“உத்தேசச் சுரங்கப் பகுதியிலிருந்து குடியிருப்பு 400 மீட்டர் தொலைவில் உள்ளது. வெடிவைப்பினால் ஏற்படும் அதிர்வு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. தூசியைக் கட்டுப்படுத்த நாள்தோறும் தண்ணீர் தெளிக்கப்படும். சுரங்கத்தைச் சுற்றிப் பசுமை வளையம் உருவாக்கப்படும். எனவே, சுற்றுச்சூழலுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இராது.”

பார்வைக்கு இது தகவல் பத்தி. அளவுகளும் திட்டங்களும் இருக்கின்றன. ஆனால், தொடர்களின் வரிசையைப் பார்த்தால் வேறொன்று தெரியும். வீடு அதிருமோ, தூசி படியுமோ என்று கேட்கப்படாத ஒவ்வோர் அச்சத்துக்கும் ஒரு விடை தரப்பட்டுள்ளது. ‘எனவே’ என்னும் சொல் அனைத்தையும் ஒரு முடிவில் கொண்டு சேர்க்கிறது. படிப்பவரின் அச்சத்தைத் தணித்து இசைவைப் பெறுதலே இப்பத்தியின் நோக்கம்.

நோக்கம் இதுவென அறிந்தமையால் பத்தி பொய்யென்று ஆகிவிடாது. மருத்துவரும் நோயாளிக்கு ஆறுதல் கூறுகிறார். அவர் கூறுவது பெரும்பாலும் உண்மையே. நோக்கம் அறிந்தவர் கேள்வி கேட்க அறிவார் என்பதே வேறுபாடு. ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்பதில் எதிர்பார்ப்பவர் யார்? தெளிக்கும் தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், ஊர்க்கிணறுகளிலிருந்தா? பசுமை வளையம் சுரங்கம் தொடங்கும் முன்பா, பின்பா? ‘குறிப்பிடத்தக்க’ என்னும் அடைமொழி எதனை அளவுகோலாகக் கொண்டது? பத்தியைத் தகவலாக மட்டும் படித்தவர் இவற்றைக் கேட்க மாட்டார். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கையொப்பமிட்டுத் திரும்பிவிடுவார். திட்டத்தை ஆதரிப்பவராயினும் எதிர்ப்பவராயினும், இக்கேள்விகளுக்கு விடை பெற்ற பின்னர் முடிவெடுப்பவரே தம் ஊர்க்கு உதவுபவர்.

நான்கு விடைகளுள் ஒன்று

கொள்குறி வினாக்களில் தரப்படும் தவறான விடைகள் பெரும்பாலும் பொய்யானவை அல்ல. ஒன்று பத்தியைவிட அகன்றிருக்கும். (ஆ) பத்திக்குப் ‘புதைபடிவங்களின் வரலாற்றை விளக்குதல்’ என்பது அத்தகையது. ஒன்று பத்திக்குள் ஒரு மூலையை மட்டும் பிடித்திருக்கும். ‘கடல் பரவியிருந்ததை அறிவித்தல்’ என்பது அவ்வகை. மூன்றாவது, பத்தியின் பொருளோடு தவறான தொழிற்பெயரைச் சேர்த்திருக்கும்; ‘மரம் கல்லாகியது என்னும் கருத்தை மறுத்தல்’ என்பதைப் போல. இம்மூன்றையும் இனங்கண்டு நீக்கியவர்க்கு நான்காவது விடையைத் தேட வேண்டிய தேவையே இராது.

கற்பவை கற்றபின்

1. பின்வரும் பத்தியின் நோக்கத்தைத் தொழிற்பெயரில் முடியும் ஒரே தொடரில் எழுதுக. அது எய்தாதது எய்துவித்தலா, எய்தியது விலக்கலா எனக் காரணங்காட்டி நிறுவுக.

“அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில் பறவைகள் தங்குவதற்குக் காடுதான் காரணம் எனப் பலர் நினைக்கின்றனர். அங்கு அடர்ந்த காடு ஏதுமில்லை. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் நீர் ஏரியை நிறைக்கிறது. சுற்றிலும் நெல்வயல்கள் உள்ளன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் நீரில் இளைப்பாறி வயல்களில் மேய்கின்றன. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற இவ்வேரி, உழவரின் பாசனத்தால் உயிர்வாழ்கிறது.”

2. மேற்கண்ட பத்தியின் செய்திகளையே கொண்டு, ‘ஏரிக்கரையில் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்குமாறு ஊர்மக்களை வேண்டுதல்’ என்னும் நோக்கத்தில் ஆறு தொடர்களுக்கு மிகாமல் ஒரு பத்தி எழுதுக.

3. உங்கள் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள அறிவிப்பு ஒன்றைப் படியெடுத்து வருக. அதன் பொருளையும் நோக்கத்தையும் தனித்தனியே எழுதி, அறிவிப்பு விடை சொல்லாமல் விட்ட கேள்விகள் இரண்டினை வகுப்பில் எடுத்துரைக்க.